தேக்காவா, தியோங் பாருவா?

ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூருக்கு வந்தால் காலையில் எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் தவறாமல் கிளம்பும்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா என்றால் திட்டமே வேண்டாம். பஃப்ளோ ரோட்டில் முருங்கைக்காயும் வாழை இலையும் நடைபாதை வரை வந்து நிற்கும். கேம்பல் லேன் பூக்கடையில் கையைப் பார்க்காமலேயே மல்லிகை தொடுப்பார்கள். அதே தெருவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். தேக்கா சென்டரில் கீழே காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தை, சாப்பாட்டுக் கடைகள். மாடியில் சேலை, தையல். கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய சீன வணிகர் டான் டெங் நியாவின் வீடு, பலகைக்கு ஒரு நிறமாக நிற்கிறது. ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், தோள் இடிக்கும்.

தியோங் பாரு அமைதியானது. 1930களில் எழுந்த வளைந்த வெள்ளைக் கட்டடங்கள், யிப் யூ சோங்கின் சுவரோவியங்கள், சந்தை மாடியில் சுவீ குவே. குழிந்த அரிசிமாவுப் பணியாரத்தின் மேல் உப்பு முள்ளங்கி, நம் இட்லிக்குத் தூரத்து உறவு! சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

முட்டிவலி உள்ள அத்தைக்குத் தியோங் பாரு. மற்ற எல்லாருக்கும் என் ஓட்டு தேக்காவுக்குத்தான்; தியோங் பாரு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.