கச்சானுக்கு வீடு தேடித் தந்தவர்கள்: நாலு நட்சத்திரம், ஐந்தாவது யானை வெடியோடு போயிற்று

முதலே சொல்லிவிடுகிறேன், இது நாய் எடுத்தவள் எழுதுகிற விமர்சனம் இல்லை, கொடுத்தவள் எழுதுகிறது. திருகோணமலையில் ஒரு அக்காவும் அவருக்குத் துணையாக இரண்டு பெடியன்களும் வீடில்லாத நாய்களுக்கு, அதுவும் யாரும் எடுக்கப் பயப்படுகிற நாய்களுக்கு, வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, அலுவலகம் கிடையாது, ஒரு போன், ஒரு பழைய மோட்டார் சைக்கிள், விபரம் எழுத ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி). ஊரில் மிருக வைத்தியரிடம் நாய் கொண்டுபோகிற யாரிடம் கேட்டாலும் இவர்களைத் தெரியும். எங்கள் நாய் கச்சானுக்கு வீடு கிடைக்க நாலரை மாதம் எடுத்தது. அந்த நாலரை மாதத்தில் அந்த அக்காவோடு இரண்டு தடவை சண்டை பிடித்திருக்கிறேன், அதையும் எழுதுவேன்.

கச்சான் உப்புவெளிக் கடற்கரையில் கிடைத்தவன். எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான், அந்த மாதங்களில் ஹோட்டல் மிச்சத்தைத் தின்று வளர்கிற குட்டிகளுக்கு மாரி தொடங்கியதும் பஞ்சம் வந்துவிடும். மழையில் ஒரு கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே, பின்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றவனை என் மகன்தான் கண்டான். வறுத்த கச்சான் (நிலக்கடலை) நிறம், அதனால் அந்தப் பெயர். வீட்டுக்குள் எங்கள் நாலு பேரோடும் பூனைக்குட்டி மாதிரி. படலைக்கு வெளியே போனால் வேறு ஒருவன். மோட்டார் சைக்கிள், ஹெல்மெட் போட்ட ஆம்பிளைகள், மற்ற நாய்கள், எல்லாவற்றுக்கும் வாரை இழுத்துக்கொண்டு பாய்வான், குரைத்துக் குரைத்து வாயில் நுரை தள்ளும், பார்க்கிற சனம் விசர்நாய் என்று சொல்லிக்கொண்டு ஓடும்.

இதில் எங்கள் வீடு இருக்கிற இடம் வேறு. பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்ட. கோணேசர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸும் ஓட்டோவும் காலையிலிருந்து ஓயாது, திருவிழா என்றால் லவுட்ஸ்பீக்கர், அது போதாதென்று மான். வெளியூர்க்காரருக்கு இது பகிடியாக இருக்கும், ஆனால் எங்கள் ஊரில் புள்ளிமான் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, வீதிக்கு வரும், மரக்கறித் தோலுக்குப் படலைக்கே வந்து நிற்கும். மாமி வேறு கூப்பிட்டு வைத்துப் போடுவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை மான் வந்து நிற்கிற வீட்டில், எதைக் கண்டாலும் பதறுகிற நாயை வைத்துக்கொண்டு நாங்கள் 'ஏன் இவன் அடங்குகிறான் இல்லை' என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

பழக்கித் தருகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். உறுமினால் சுருட்டின பேப்பரால் மூக்கில் அடிக்கச் சொன்னார். இரண்டு கிழமையில் உறுமல் நின்றுவிட்டது, எங்களுக்குச் சந்தோஷம். மூன்றாம் கிழமை மட்டக்களப்பில் இருந்து வந்த மாமியின் தம்பி, நல்ல பிள்ளை என்று தலையைத் தடவக் குனிந்தார், சத்தமே இல்லாமல் கையைக் கவ்விவிட்டான். குழாயடியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம், நாயைப் பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தடுப்பூசி போட்ட நாய்தான், ஆனாலும் அந்தப் பதினான்கு நாளும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் கிடைத்த ஆலோசனை எல்லாம் ஒன்றுதான், நிலாவெளிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். சபைக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். 2006க்குப் பிறகு கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை என்பதே பலருக்குத் தெரியாது. கடற்கரையில் எடுத்தவனைக் கடற்கரையிலேயே திரும்ப விடுவதா என்று மகன் கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் ஒருவர் இந்த அக்காவின் நம்பரைத் தந்தார்.

போன் எடுக்க மாட்டார், முதல் முறைப்பாடு அதுதான். ஐந்து நாள் அடித்தேன். ஆறாம் நாள் இரவு ஏழு நிமிட வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது, அதில் நாலு நிமிடம் அவருடைய வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தம். ஆனால் அடுத்த சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வந்தவர் நாயைப் பார்க்கவே இல்லை. வளவில் ஒரு கதிரையைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து, எங்களோடு கதைத்துக்கொண்டே, அவித்த கோழி ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக அவன் பக்கம் எறிந்துகொண்டிருந்தார். ஒன்றரை மணித்தியாலம். போகும்போது கச்சான் அவருடைய செருப்பை மணந்துகொண்டிருந்தான். அப்போதும் தொடவில்லை.

அந்த உறுமல் கதையைச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. "தங்கச்சி, அவன் வாயால சொல்லிக்கொண்டிருந்தான், நீங்கள் அடிச்சு வாயை மூடிப்போட்டீங்கள். இப்ப சொல்லாமலே கடிக்கிறான்" என்றார். எனக்குச் சரியான கோபம், ஏனென்றால் அது உண்மை.

பிறகு தந்த வீட்டுப்பாடம்தான் இவர்களுடைய சேவையில் எனக்கு ஆகப் பிரயோசனமாக இருந்தது. ஒரு மாதம் கொப்பி எழுத வேண்டும். எதைக் கண்டு பதறினான், எத்தனை அடி தூரத்தில், அன்றைக்கு அதற்கு முன்னால் என்ன நடந்தது. சைக்கிள் இருபது அடியில் வந்தால் காது மட்டும் நிமிரும், பன்னிரண்டில் உடம்பு விறைத்து நாக்கால் உதட்டை நக்குவான், எட்டில் பாய்வான். அந்தப் பன்னிரண்டுக்கு முன்னாலேயே திரும்பி நடக்க வேண்டும் என்றார், பாய்ந்த பிறகு இழுப்பதில் அவன் எதையும் படிப்பதில்லையாம். கொப்பியைப் பார்த்த பிறகுதான் இன்னொன்றும் விளங்கியது. தீபாவளிக்குச் சுற்றிவர வெடி கொளுத்தினார்கள், அன்றைக்கு அவன் குசினி மேசைக்குக் கீழே கிடந்தான், ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மூன்று நாளும் பால்காரரின் மணிக்குக்கூடப் பாய்ந்தான். ஒரு தடவை பதறினால் அது உடம்பிலிருந்து இறங்க நாளாகும், அதற்குள் அடுத்தது வந்தால் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீதியில் அது இறங்குவதற்கு இடைவெளியே இல்லை. அதை எழுத்தில் கண்டபோதுதான், இவனை வைத்திருக்கிறது அன்பு இல்லை, எங்கள் பிடிவாதம் என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு மாதத்திலேயே கம்பிக்கூடு மாதிரியான வாய்மூடியும் பழக்கினோம், அதைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். உள்ளே ஈரலை வைத்து அவனாக மூக்கை நுழைக்க விட வேண்டும், பிடித்து மாட்டக்கூடாது. பத்து நாளில் கூட்டைக் கண்டால் வாலாட்டத் தொடங்கிவிட்டான்.

இரண்டாவது சண்டை விளம்பரத்துக்காக. நான் 'அழகான, அன்பான' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போட்டது இது: மூன்று வயது ஆண், நலமெடுத்தது (கருத்தடை செய்தது), தடுப்பூசி போட்டது. சின்னப்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இல்லை. வேறு நாய் இருக்கக்கூடாது. உயர மதில் வேண்டும். ஒரு தடவை கடித்திருக்கிறான், தோல் கிழிந்தது, மூன்று தையல். இதைப் பார்த்து யார் எடுப்பார்கள் என்று அழுதேன். "இதை மறைச்சுக் கொடுத்தால் ரெண்டு கிழமையில திரும்பி வரும், இல்லாட்டி வராமலே போகும். பாவம் பார்த்து ஆரிட்டையும் தள்ளிவிட ஏலாது" என்றார்.

நாலு பேர் கேட்டு வந்தார்கள். முதல் மூவரையும் அவரே திருப்பி அனுப்பினார். ஒருவருக்குக் கடைக்குக் காவல் வேண்டும், பகல் முழுக்கச் சங்கிலியில். ஒருவர் கனடாவில், இங்கே பூட்டிய வீடு, வேலைக்காரர் வந்து சோறு போடுவாராம். மூன்றாவது புதிதாகக் கலியாணம் கட்டின சோடி, நல்ல பிள்ளைகள், அவர்களிடம் மட்டும் மெதுவாக, அடுத்த வருஷம் வீட்டில் தொட்டில் கட்டுவீர்களா என்று கேட்டார். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், கதை முடிந்தது.

நாலாவது ஆள் பன்குளம் பக்கம், அநுராதபுரம் வீதியில். இரண்டு ஏக்கர் காணி, தனி மனிதர், பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. பகலில் போய்ப் பார்த்தோம், இலை விழுந்தால் கேட்கும். எல்லோருக்கும் திருப்தி. மாசி மாதம் கொண்டுபோய் விட்டோம். முதல் இரவே யானை வந்திருக்கிறது. யானை வந்தால் அங்கே என்ன செய்வார்கள்? யானை வெடி போடுவார்கள். தீபாவளி வெடி அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கச்சான் கதவைப் பிராண்டி நகம் இரண்டைக் கழற்றிக்கொண்டான். அந்த மனிதர் பாவம், விடிய ஐந்து மணிக்கு அழாத குறையாகப் போன் எடுத்தார். பன்குளம் பக்கம் யானை வரும் என்பது இந்த மாவட்டத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், இவ்வளவு கேள்வி கேட்கிற அக்கா அதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் சாட்டுச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். அன்றைக்குப் பத்து மணிக்குள் அவரே ஓட்டோ பிடித்துப் போய், ஓட்டோக் காசையும் தானே கொடுத்து, அவனைக் கொண்டுவந்து சேர்த்தார். இப்போது அக்காவின் சி.ஆர். கொப்பியில் முதல் கேள்வி, "இரவில் யானை வருமா?"

பிறகு ஒரு மாதம் ஒன்றும் இல்லை. இதுவும் குறைதான், இவர்களிடம் நாயை இடைக்காலமாக வைத்திருக்க இடம் கிடையாது, வீடு கிடைக்கும்வரை நாங்கள்தான் வைத்திருக்க வேண்டும், மாமி அவருடைய தம்பியின் தையலை வருகிறவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க. அந்த மாதம் முழுக்க மானுக்கு மரக்கறித் தோல் போடுவதை நிறுத்த வைத்ததுதான் என் ஒரே வெற்றி.

பங்குனிக் கடைசியில் கிடைத்தது சாம்பல்தீவுப் பக்கம். ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவரும் அவருடைய அண்ணாவும். சத்தியமாகச் சொல்கிறேன், அது பன்குளம் மாதிரி அமைதியான இடம் இல்லை, தூரத்தில் பஸ் சத்தம் கேட்கும். ஆனால் அந்த ஐயா ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைத்தால் அதிகம். எழும்புவது, தேத்தண்ணி, வாழைக்குத் தண்ணீர் கட்டுவது, பேப்பர், எல்லாம் மணிக்கூடு மாதிரி. விருந்தாளிகள் வருவதில்லை, வந்தாலும் ரீச்சர் படலையிலேயே நிறுத்திக் கதைத்து அனுப்பிவிடுவார். உயர மதில், படலைக்கு உள்ளே இன்னொரு படலை. மூன்று தடவை சந்திக்க வைத்தார்கள்: முதல் தடவை வெளியே வெறும் காணியில், தூரத்தில் சும்மா ஒன்றாக நடந்தோம். இரண்டாம் தடவை அவர்களுடைய வளவில், ஐயா முதுகைக் காட்டிக்கொண்டு வாழைக்குப் பாத்தி கட்டினார், அவன் போய்ப் பின்னால் படுத்துக்கொண்டான். மூன்றாம் தடவை நான் கழுவாத என் பழைய பெட்ஷீட் ஒன்றையும் அவனையும் விட்டுவிட்டு வந்தேன்.

காசு வாங்குவதில்லை. இரண்டு கிழமைச் சாப்பாட்டுச் செலவும் அந்த வருஷத் தடுப்பூசி அட்டையும் புது வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு நாங்கள் போய்ப் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. மகனுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சித்திரை வருஷப்பிறப்பு அன்று இரவு வெடிச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நாள் ரீச்சர் ஒரு வீடியோ அனுப்பினார், குளியலறைக்குள் பெட்ஷீட்டில் அவன், பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஐயா, பேப்பரை விரித்தபடி, நேரம் இரவு பன்னிரண்டு பத்து.

மூன்று மாதம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. போகலாமாம், ஆனால் மகன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கதிரையைப் பக்கவாட்டில் போட்டு உட்கார வேண்டும், அவனாக வந்தால் வரட்டும் என்று நேற்று ஏழு நிமிட மெசேஜ் வந்திருக்கிறது. ஈரல் அவித்து வைத்திருக்கிறேன்.