பகடி, லைசென்ஸ், சொந்த பிளாட்: மும்பையில் ஒரு வீட்டுக்கு மூன்று மரியாதை

என் தாத்தா 1949இல் மாட்டுங்காவில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தார். 1996இல் அதே வீட்டில் காலமானார். இந்த 47 வருடத்தில் ஒருவர்கூட அவரை வாடகைக்கு இருப்பவர் என்று குறைத்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. தெலங் ரோட்டில் அவர் பெயரைச் சொன்னால் பூக்காரர் வழிகாட்டுவார். மூன்று பெண்களுக்கும் அந்த வீட்டில்தான் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. மாத வாடகை ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் வருடவாரியாகக் கட்டி, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். பத்திரத்தை வைத்துக் காப்பாற்றுவதுபோல அவற்றைக் காப்பாற்றினார்.

நானும் அதே மும்பையில் 19 வருடமாக வாடகைக்குத்தான் இருக்கிறேன். இதுவரை ஏழு வீடு. ஊருக்குப் போனால் முதல் கேள்வி, "இன்னுமா வாடகை வீட்டில் இருக்கிறீர்கள்?" என்பதுதான். போன வருடம் என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, பையனுக்கு மும்பையில் சொந்த வீடு கிடையாது என்று தெரிந்ததும் இரண்டு இடங்களில் பேச்சு அத்தோடு நின்றது. "வீடு இல்லாத பையன்" என்று சொன்னார்களாம். தலைக்கு மேல் கூரையும் மாதம் தவறாமல் கட்டும் வாடகையும் இருக்கும் ஒருவனை நம் பேச்சு வழக்கு வீடில்லாதவன் ஆக்கிவிடுகிறது.

தாத்தாவுக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஏன் கிடைக்கவில்லை? காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வாடகை என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது இரண்டு வேறு வாழ்க்கைகளை. அவற்றோடு சொந்த பிளாட்டையும் சேர்த்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

தாத்தாவின் வாடகை

பகடி என்றால் இந்தியிலும் மராத்தியிலும் தலைப்பாகை. தமிழில் அது கேலியைக் குறிப்பதால், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் "பகடி வீடு" என்று கேட்டதும் விழிப்பார்கள். வீட்டுக்குள் நுழையும்போது ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு மாதாமாதம் சொற்ப வாடகை கட்டிவருவதுதான் இந்த முறை.

இதற்கு வேர் 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய வீடுகளுக்கு 1940 செப்டம்பர் 1ஆம் தேதி இருந்த வாடகையையே அது அளவுகோலாக்கியது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. நினைத்தபோது காலி செய்யச் சொல்லவும் முடியாது. குடித்தனக்காரர் இறந்தால் கூட இருந்த குடும்பத்தாருக்கு உரிமை போகும். இப்படிக் கை கட்டப்பட்ட வீட்டுக்காரர்கள் முன்பணமாகப் பகடி வாங்கத் தொடங்கினார்கள். அது அன்றைய சட்டப்படி குற்றம். ஆனாலும் ஊரறிய நடந்தது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அதை முறைப்படி அனுமதித்தது. குடித்தனக்காரர் தன் உரிமையை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்று என்பது வழக்கம்.

அதாவது தாத்தாவிடம் இருந்தது பெயரளவில்தான் வாடகை. அவரை யாரும் குடியெழுப்ப முடியாது. சுவரில் ஆணி அடித்தார், பால்கனியை அடைத்து அத்தைகளுக்குப் படிக்க இடம் செய்தார். அக்கம்பக்கத்தார் அவரை நிரந்தரமானவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் மரியாதை என்று நான் சொல்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் காலமான பிறகு அவர் மனைவிதான் வாடகை வாங்க வருவார். 16 குடித்தனத்தில் வசூலாகும் தொகையில் ஒரு தண்ணீர்க் குழாயைக்கூட மாற்ற முடியாது. மழைக்காலத்தில் படிக்கட்டுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள். பழைய கட்டடங்கள் இடிந்து விழுவதைத் தாங்கமுடியாமல்தான் 1969இல் பழுதுபார்ப்பதற்கென்று தனி வாரியமும் தனி வரியும் வந்தன. முடக்கிவைத்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே 1997இல் கூறியது. பகடி வீட்டின் பேரில் வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதும் இல்லை. தாத்தாவின் நிம்மதிக்கு அந்த அம்மாள் விலை கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

என் வாடகை

எனக்குக் கிடைத்திருப்பதன் பெயர் லீவ் அண்ட் லைசென்ஸ். சட்டப்படி நான் குடித்தனக்காரியே இல்லை, தங்க அனுமதிக்கப்பட்டவள். 1973இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி லைசென்ஸில் குடியிருந்தவர்கள் எல்லோரும் குடித்தனக்காரர்களாகக் கருதப்படுவார்கள் என்றது. ஒரே நாளில் வீடு கைவிட்டுப் போனதைப் பார்த்த சொந்தக்காரர்களுக்கு அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. வீட்டைப் பூட்டியே வைத்தார்கள், அல்லது பதினொரு மாதத்துக்கு மட்டும் விட்டார்கள். ஒரு வருடத்துக்குக் குறைவான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டாம் என்பதால் வந்த கணக்கு அந்தப் பதினொன்று. 1999ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு காலத்துக்கானாலும் பதிவு கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. பதிவு செய்யும் பொறுப்பையும் வீட்டுக்காரர்மீதே வைத்தது. ஆனாலும் பதினொரு மாதப் பழக்கம் போகவில்லை. கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் இரண்டு மடங்கு கட்டணம் தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இப்போது பதிவு வீட்டுக்கே வருகிறது. ஓர் ஏஜென்ட் மடிக்கணினியும் கைரேகைக் கருவியும் கொண்டு வருவார். என் கட்டைவிரல் சமையலில் தேய்ந்து போயிருப்பதால் மூன்று நான்கு தடவை அழுத்தினால்தான் ஏற்கும். கேமராவைப் பார்த்து உட்காரச் சொல்வார். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டும் என்று என் மகள் ஒட்டிய அட்டவணையை அகற்றச் சொல்வார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று முதல் எங்கள் நாட்காட்டிக்கு பன்னிரண்டாவது மாதம் கிடையாது. ஒன்பதாவது மாதமே வீட்டுக்காரரின் போன் வருமோ என்று மனம் அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். மகள் ஏழாம் வகுப்புக்குள் இரண்டு பள்ளி வேன் மாற்றிவிட்டாள்.

வீடு பிடிப்பதற்கே ஒரு நேர்காணல் உண்டு. சொசைட்டி, அதாவது பிளாட் சொந்தக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம்; அதன் கமிட்டியின் முன்னால் உட்காரவேண்டும். எத்தனை பேர், என்ன வேலை, வீட்டில் என்ன சமைப்பீர்கள்? இத்தனைக்கும் மாதிரித் துணைவிதிகளின்படி வீட்டை வாடகைக்கு விடச் சொசைட்டியின் அனுமதி தேவையில்லை; தகவல் கொடுத்தால் போதும். நடைமுறையில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சைவச் சமையல் என்று நாங்கள் சொன்னதும் எங்களுக்குக் கதவு திறந்தது. அதே கட்டடத்தில், அதே மாதம், என் அலுவலகத் தோழிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர் முஸ்லிம், கணவரைப் பிரிந்து தனியாக இருப்பவர். என்னைவிடச் சம்பளம் அதிகம். எனக்குக் கிடைத்த அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தேன்; அதில் ஒரு நாள்கூட அதை எண்ணாமல் மாடி ஏறியதில்லை.

தாராவியில் இதே வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. பலர் ஊரில் மாடி வைத்து வீடு கட்டிப் பூட்டிவிட்டு, இங்கே கோலி எனப்படும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊரில் அவர்கள் வீட்டுக்காரர்கள், இங்கே குடியிருப்பவர்கள். இரண்டும் ஒருவரிடமே இருந்ததால் யாரும் பெரிதுபடுத்தவில்லை. மறுமேம்பாட்டுத் திட்டம் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்கு தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மாடியில் இருப்பவருக்கு தாராவிக்கு வெளியேதான் இடம், அதுவும் பணம் கட்டி. நேற்றுவரை கீழ்வீடு, மேல்வீடு என்று குழம்புக் கிண்ணம் மாறிக்கொண்டிருந்தவர்கள் இன்று இரு தரப்பு.

சொந்த பிளாட்

பணக்கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். செம்பூரில் ஒன்றரைக் கோடிக்கு ஒரு சிறிய பிளாட் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 30 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம் 6 சதவீதம், அது 9 லட்சம்; பெண் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும். பதிவுக்கு 30,000. மீதி 1.2 கோடிக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,04,000. வட்டி மட்டுமே 1.3 கோடியைத் தொடும். அதே வீடு 40,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும். மாதம் 64,000 ரூபாய் வித்தியாசம்.

இந்த 64,000 எதற்கு? மரியாதைக்கு என்றால் அது அதிக விலை. ஆனால் அதனோடு வேறு சிலவும் கிடைக்கின்றன. சொசைட்டியின் பங்குச் சான்றிதழ் வந்ததும் பொதுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு. தண்ணீர் நேரத்தை மாற்றச் சொல்லிப் பேசலாம். நான் 19 வருடமாகத் தண்ணீருக்கும் லிப்டுக்கும் ஆகும் செலவை வாடகையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. மகள் பள்ளி மாறவேண்டியதில்லை. கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பெரிய வீடாகத் திரும்பி வரும். பகடிக் குடித்தனக்காரர்களுக்கும் அப்படிச் சொந்த வீடு கிடைக்கிறது. லைசென்ஸில் இருப்பவருக்கு மூட்டை கட்டுவதுதான் பாக்கி.

சொந்தம் என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். மும்பையின் எத்தனையோ சொசைட்டிகளுக்கு அடியிலுள்ள நிலம் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறது. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி பில்டர் அதை எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்காதவர்கள் ஏராளம் என்பதால்தான், அவர் கையெழுத்து இல்லாமலே சொசைட்டி உரிமை பெறும் வழி பின்னால் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பிளாட் வாங்கப் போகிறவர்கள் ஓடு, கைப்பிடி பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1961இல் இந்திய நகரங்களில் 54 சதவீதக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. 2011இல் அது 28 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வாடகை பெரும்பான்மையாக இருந்த காலத்தில் அது வெட்கமாக இருக்க வழியே இல்லை. எழுப்பமுடியாத வாடகையிலிருந்து பதினொரு மாத வாடகைக்கு வந்தபோதுதான் "எலி வளையானாலும் தனி வளை" என்ற நம் பழமொழி இந்த ஊரில் இவ்வளவு கனம் பெற்றது என்பது என் கருத்து.

ஆகவே சம்பாதிக்கும் வயதில், வேலை ஊர் மாறக்கூடிய நிலையில், தவணை சம்பளத்தில் பாதியைத் தின்னும் என்றால், வாடகையில் இருங்கள். சம்பந்தி வீட்டாரின் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக இருபது வருடத்தை அடகு வைக்காதீர்கள். பெண்ணைக் கொடுப்பவர்களும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதை விட்டு, பையன் கடன் இல்லாமல் இருக்கிறானா என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

என் தோழிக்கு மட்டும் நான் வேறு யோசனை சொன்னேன். தனியாக இருக்கும் பெண், முஸ்லிம், தலித், மீன் சமைக்கும் வீடு, ஓய்வுபெற்ற வயோதிகத் தம்பதி, இவர்களுக்கு ஒவ்வொரு பதினொரு மாதமும் அந்த நேர்காணல் திரும்ப வரும். வாடகையா சொந்தமா என்று ஒப்பிடும் அட்டவணைகளில் அவமானத்துக்கு ஒரு கட்டம் போடுவதே இல்லை. அதைப் போட்டால் டோம்பிவிலியிலோ பத்லாபூரிலோ ஒற்றைப் படுக்கையறை வீடானாலும், ரயிலில் இடிபட்டுப் போய்வந்தாலும், வாங்குவதே சரி. அவர் வாங்கிவிட்டார். குடிபோன அன்று கூடத்துச் சுவரில் தன் கையாலேயே துளை போட்டு அவர் அம்மாவின் படத்தை மாட்டினார். அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்கிறார்.

செம்பூரில் என் சித்தி 31 வருடம் சொந்த பிளாட்டில் இருந்தவர். அந்தக் கட்டடத்தை இப்போது புதிதாகக் கட்ட இடித்துவிட்டார்கள். பில்டர் தரும் வாடகைப் பணத்தில் இரண்டு தெரு தள்ளி, லைசென்ஸில் குடியிருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். முருகன் படம் போட்ட காலண்டரை ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றில் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் நீ எப்படியம்மா இருந்தாய்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒட்டும் கொக்கிகள் ஆறு வாங்கிக்கொண்டு போனேன். சுவரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டியபின் ஒரு நாள் எதையும் மாட்டக்கூடாது என்று சொன்னேன். காலண்டருக்கு ஒன்று போதும். சாமிப் படம் கனம், அதற்கு இரண்டு வேண்டும்.