புது பெயின்ட் அடித்த பழைய எட்ஜ் பேண்டிங் மெஷின்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது, சேலம் பக்கம். பலகை ஓரத்தில் பட்டை ஒட்டும் ஆட்டோமேட்டிக் எட்ஜ் பேண்டிங் மெஷின் வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். புதுசு என்று சொல்லி, பெயின்ட் அடித்த பழைய மெஷினை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஜிஎஸ்டி சேர்த்து 9 லட்சத்துக்கு மேல்.

எங்கள் பட்டறையில் வேலை தேங்குவதே ஓரம் ஒட்டும் இடத்தில்தான். ஒரு கிச்சனுக்கான பிளைவுட்டைப் பேனல் சா (பலகை அறுக்கும் மெஷின்) வைத்து மதியத்துக்குள் அறுத்துவிடலாம். ஆனால் ஓரத்தில் ரப்பர் பசை தடவி, காயவைத்து, பிவிசி பட்டையை ஒட்டி, டிரிம்மர் ஓட்டி முடிப்பதற்கு இரண்டு பேர் நாள் முழுக்க நிற்க வேண்டும். மெஷினில் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடும். பசை உருக்கித் தடவுவது, ஒட்டுவது, முனை வெட்டுவது, மேல் கீழ் சீவுவது, பஃபிங் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

ஷோரூமில் டீலர் ஓட்டிக்காட்டியது ப்ரீ-மில்லிங் உள்ள மெஷின். அறுத்த ஓரத்தில் இருக்கும் சிராய்ப்பை, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு கட்டர்கள் மெல்லிசாகச் சீவியெடுத்த பிறகே அதில் பட்டை ஒட்டும். சிராய்ப்பு வராமல் முன்கூட்டியே கீறிக்கொடுக்கும் ஸ்கோரிங் பிளேடு இல்லாத எங்கள் பேனல் சாவுக்கு அதுதான் தேவை. ஒட்டிக் கொடுத்த பலகையில் பசைக் கோடே தெரியவில்லை. "இதே மாடல்தான் சார் உங்களுக்கும்" என்றார். கொட்டேஷனில் மாடல் பெயர் இருந்தது. சீரியல் நம்பரும் தயாரித்த வருடமும் இல்லை. பில்லிலும் "எட்ஜ் பேண்டிங் மெஷின் - 1", அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன்பே 90 சதவீதம் கட்டச் சொன்னார்கள். வங்கிக் கடன் என்பதால் பணம் நேராக அவர் கணக்குக்குப் போனது.

நடுவில் ஒரு தூண்டிலும் போட்டார்: பாதிக்கு பில், பாதி ரொக்கம், ஜிஎஸ்டி மிச்சம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவனுக்கு அந்த 18 சதவீதம் இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப வரும்போது இதில் என்ன மிச்சம்? மறுத்துவிட்டோம். முழுத் தொகைக்கும் பில் இருப்பதால்தான் இன்று வழக்குப் பேசவே முடிகிறது.

மெஷின் பளபளவென்று வந்திறங்கியது. ஹவர் மீட்டரில் பூஜ்யம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் முனை வெட்டும் யூனிட் கோணலாக வெட்ட ஆரம்பித்தது. வந்த டெக்னீஷியன், புது மெஷின் செட்டாக நாளாகும் என்று சொல்லி நட்டை இறுக்கிவிட்டுப் போனார். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஷட்டர் பட்டை உரிந்து வந்தது. டிஸ்பிளே 190 டிகிரி காட்டியது. உள்ளே பசை சரியாக உருகவே இல்லை.

உண்மை வெளிவந்தது எங்கள் எலக்ட்ரீஷியனால். வேறு வேலைக்காக மெஷினின் மின்சாரப் பேனல் பெட்டியைத் திறந்தவர், "அண்ணே, இன்வர்ட்டர்ல 2013னு போட்டிருக்கே" என்றார். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அது. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மோட்டார் தகடுகள் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டினால் அதே காலத்து வருடம். பலகையை இழுத்துச் செல்லும் செயின் பேடுகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. டிரிம்மிங் கட்டர்கள் பலமுறை சாணை பிடித்து விட்டம் குறைந்தவை. முனை வெட்டும் யூனிட்டைக் கையால் அசைத்தால் ரெயிலில் ஆட்டம் தெரிந்தது. கேட்டபோது டீலர் சொன்ன பதில்: "குடோன்ல இருந்த ஸ்டாக் பீஸ் சார்." குடோனில் சும்மா நின்ற மெஷினுக்குக் கட்டர் எப்படித் தேயும்? அதோடு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

இருக்கிற இபி கனெக்‌ஷனே போதும் என்று டீலர் சொன்னதும் பொய். மெஷின், கம்ப்ரசர், டஸ்ட் கலெக்டர் மூன்றையும் சேர்த்தால் குறுந்தொழில் கட்டணத்துக்கான 12 கிலோவாட் வரம்பைத் தாண்டுகிறது. லோடு கூட்டினால் கட்டணப் பிரிவே மாறும். விலை பேசும்போதே இதையும் கணக்குப் போடுங்கள்.

வக்கீல் நோட்டீஸுக்கு, வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று பதில் வந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் வக்கீல். மாவட்ட ஆணையத்தில் வழக்கு நிற்கிறது.

வாங்கப் போகிறவர்கள் சீரியல் நம்பரையும் தயாரித்த வருடத்தையும் கொட்டேஷன், பில் இரண்டிலும் எழுதி வாங்குங்கள். அனுப்பும் முன் உங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் பேனல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் பேனல் சாவில் அறுத்த பலகையை எடுத்துப் போய், உங்களுக்கு வரப்போகும் அதே மெஷினில் 2 மி.மீ. பட்டை ஓட்டிப் பாருங்கள். கால் பங்குப் பணமாவது உங்கள் பட்டறையில் ஓடிக்காட்டிய பிறகுதான் என்று ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். வங்கி மேனேஜரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்கள் மெஷினில் இப்போது 0.8 மி.மீ. மெல்லிய பட்டை மட்டும் ஓட்டுகிறோம். முனைகளை ஆள் வைத்துக் கையால்தான் வெட்டுகிறோம்.