ஊருக்குப் போனபோது வாங்கிய பி.சி.சி.: எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ்?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் போகும்போது கையோடு முடித்துவிட்டு வர நினைக்கும் காரியங்களில் போலீஸ் சான்றிதழும் ஒன்று. இந்த முறை சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்குப் போனபோது கனடா நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) விண்ணப்பத்துக்காக எனக்கு அது தேவைப்பட்டது. போன இடத்தில் பார்த்தால் அக்கா மகனுக்குச் சென்னையில் கிடைத்த வேலைக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையனுக்குக் குவைத் போக ஒன்று, மாடியை வாடகைக்கு விடும் அம்மாவுக்கு ஒன்று என்று எல்லோருக்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஆனால் நாலு பேருக்கும் வேண்டியது ஒரே காகிதம் இல்லை. தருகிற அலுவலகம் வேறு, விண்ணப்பிக்கும் தளம் வேறு, அதில் எழுதியிருக்கும் வாசகமும் வேறு.

அதனால் இதைப் பொறுமையாக எழுதுகிறேன். காசு போனால்கூடப் பரவாயில்லை, தப்பான காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் நிற்கும்போது விசா நாளும் வேலையில் சேரும் நாளும் சேர்ந்து போய்விடுகின்றன. என்னைக் கேட்டால், விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். சான்றிதழ் கேட்பவரிடம் "எந்த அலுவலகம் கொடுத்தது வேண்டும், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது வேண்டும்" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. கனடா குடிவரவுத் துறை இந்தியக் குடிமக்களிடம் எதிர்பார்ப்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட், அதாவது பி.சி.சி. பக்கத்து ஸ்டேஷனில் எழுதி வாங்கும் கடிதம் இதற்கு ஆகாது. வெளிநாட்டில் வேலை, குடியேற்றம், நீண்ட நாள் விசா போன்ற காரணங்களுக்குத்தான் பி.சி.சி. தருவார்கள், சுற்றுலா விசாவுக்குத் தருவதில்லை. சிங்கப்பூரிலேயே இந்தியத் தூதரகம் வழியாகவும் விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் என் பாஸ்போர்ட்டில் இருப்பது மன்னார்குடி முகவரி, விசாரணைக்கு வருபவர்களும் அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள், எப்படியும் ஊருக்குப் போகிறோம் என்பதால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் திறந்து, படிவம் நிரப்பி, 500 ரூபாய் கட்டி, நேரம் பதிவு செய்ய வேண்டும். இதே போன்ற பெயரில், இதே போன்ற நிறத்தில் போலித் தளங்கள் நிறைய உலவுகின்றன. கட்டணத்தை இரண்டு மூன்று மடங்காக வாங்கிக்கொள்ளும் தளங்கள் அவை. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். எங்கள் திருவாரூர் மாவட்டம் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. எனக்குப் பக்கம் தஞ்சாவூரில் இருக்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திரா, அதாவது விண்ணப்பத்தோடு நேரில் போக வேண்டிய மையம். 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்க முடிகிறது. சின்ன ஊர்க்காரர்களுக்கு இது பெரிய உதவி, சேவா கேந்திராவில் நேரம் கிடைக்காவிட்டால் அங்கே பாருங்கள்.

தஞ்சாவூரில் உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறது. டோக்கன் கொடுத்து ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்களுக்கு அனுப்புகிறார்கள். ஏ-யில் போட்டோ, கைரேகை, ஆவணங்களை ஸ்கேன் செய்வது. பி-யில் அலுவலர் ஒருவர் அசலைச் சரிபார்க்கிறார். சி-யில் முடிவு செய்கிறார்கள். பி கவுன்டரில் இருந்த அம்மா என் படிவத்தில் நாட்டின் பெயரை விரல் வைத்துக் காட்டி, "கனடாதானே சார்? மாத்துறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். அவர் அப்படிக் கேட்டதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஏனென்றால் பி.சி.சி.யின் வாசகம் நாட்டோடு சேர்த்துத்தான் வருகிறது. இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எதிராக, இன்ன நாட்டுக்கான விசா உட்படப் பயண வசதிகள் பெறத் தகுதியில்லாமல் ஆக்கும் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். ஆஸ்திரேலியாவுக்கு என்று வாங்கியதைக் கனடாவுக்குக் கொடுக்க முடியாது. இரண்டு நாட்டுக்கும் முயற்சி செய்பவர்கள் இரண்டு விண்ணப்பம் போட வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் இப்போது நீங்கள் இல்லையென்றால் புது முகவரிக்குச் சான்று கேட்பார்கள். அப்பா அம்மா வீடு மாறியவர்கள், கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள் இதை முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்தார். ஆதார் அசல், பாஸ்போர்ட் நகல், அக்கம்பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "எந்த வருசம் சார் சிங்கப்பூர் போனீங்க? நடுவுல வேற எங்கயாவது இருந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். காபியைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற நாட்களில் இந்த விசாரணை முடிய வேண்டும் என்பதால், வந்து இறங்கியதும் போய் நிற்கும்படி நேரம் பதிவு செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். விடுமுறையின் கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால், கான்ஸ்டபிள் வரும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

எதிர்வீட்டுப் பையன் விஷயம்தான் மனசைச் சங்கடப்படுத்தியது. குவைத்தில் வேலை, விசா வந்துவிட்டது. டவுனில் இருக்கும் ஓர் ஏஜென்ட் கணிசமான தொகை வாங்கிக்கொண்டு, மாநிலக் காவல்துறையின் இணையச் சேவையில் ஒரு சரிபார்ப்பு அறிக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது உண்மையான அறிக்கைதான், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் குவைத் போக வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகத்தின் பி.சி.சி. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அம்மா வந்து, "தம்பி, நீதான் பாத்துச் சொல்லணும், நகையை வச்சுக் கட்டுன பணம்" என்று நின்றார்கள். பார்த்தால், பையன் பத்தாவது முடிக்காதவன், பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டிய வகை. குவைத் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் பி.சி.சி.க்குப் போகும்போது வெளிநாட்டு முதலாளியோடு போட்ட வேலை ஒப்பந்தத்தின் நகலும் விசா நகலும் கொண்டு போக வேண்டும். இதை அந்த ஏஜென்ட் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வைத்து, நானே உட்கார்ந்து நிரப்பி, அவனைத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். 500 ரூபாயோடு முடிய வேண்டிய வேலைக்கு ஓர் ஏழை வீடு நகையை அடகு வைக்க வேண்டிய நிலை இருக்கவே கூடாது.

வளைகுடா போகிறவர்களுக்கு இதோடு வேலை முடிவதில்லை. பி.சி.சி.யில் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியா 2005-லிருந்து ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஒரு நாட்டின் ஆவணத்தை 'அப்போஸ்டில்' என்ற ஒரே முத்திரையோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா ஆகியவையும் அதில் சேர்ந்த நாடுகள், ஆகவே அங்கே அப்போஸ்டில் முத்திரை செல்லும். குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் இல்லை, எனவே அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் தேவைப்படும். அப்போஸ்டில், சான்றொப்பம் இரண்டுக்கும் டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பது பழைய கதை. 2019-லிருந்து சென்னையில் உள்ள அமைச்சகத்தின் கிளைச் செயலகமும் செய்கிறது. கனடாவுக்கு என் சான்றிதழில் இந்த முத்திரை எதுவும் தேவைப்படவில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று முத்திரை போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

அந்த ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த அதே அறிக்கைதான் என் அக்கா மகனுக்குச் சரியான காகிதமாக இருந்தது. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, மனிதவளப் பிரிவு போலீஸ் வெரிபிகேஷன் கேட்டிருந்தது. தமிழ்நாடு காவல்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் தனிநபர், பணியில் சேர்பவர், வாடகைதாரர், வீட்டு வேலையாள் என்று வகை வகையாகச் சரிபார்ப்பு இருக்கிறது. விண்ணப்பம், கட்டணம், அறிக்கையைப் பதிவிறக்குவது எல்லாமே இணையத்தில் முடிகிறது. கொடுத்த முகவரியில் அவர் இருக்கிறாரா, தமிழ்நாட்டில் அவர்மேல் குற்ற வழக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கும் இது கிடைக்கும். அவன் முதலில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு பி.சி.சி. வாங்க வேண்டும் என்று நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான், அது தேவையே இல்லை.

ஆனால் 'தமிழ்நாட்டில்' என்ற அந்த எல்லையைக் கவனிக்க வேண்டும். கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை பார்த்தவர் என்றால், அங்கே இருந்த காலத்துக்கு இந்த அறிக்கை பதில் சொல்லாது. கர்நாடகத்தில் சேவா சிந்து தளம் வழியாக அந்த மாநிலப் போலீஸ் தனியாகச் சான்றிதழ் தருகிறது. கம்பெனிக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் ஒன்றோடு முடியும்.

அம்மாவின் மாடி வீட்டுக்கு வாடகைதாரர் வகையிலேயே விண்ணப்பித்தோம். வெளியூரில் இருந்துகொண்டு வயதான பெற்றோரைத் தனியாக விட்டிருப்பவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். வாடகைக்கு வருபவரிடம் சொல்லிவிட்டே செய்தோம், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இதே பேச்சில் வந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னது, நீங்களாகப் போய் போலீஸ் சான்றிதழ் எதுவும் வாங்க வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. கேட்பது அ அல்லது ஆ பிரிவு அலுவலர் ஒருவரிடம் வாங்கிய நன்னடத்தைச் சான்றிதழ். போலீஸ் விசாரணையைத் தேர்வான பிறகு துறையே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு பையன் தயங்கித் தயங்கி, கல்லூரியில் மறியல் செய்தபோது தன் பெயரில் ஒரு வழக்குப் போட்டார்கள், பிறகு விடுதலையாகிவிட்டது, அதை எழுத வேண்டுமா என்று கேட்டான். கட்டாயம் எழுது என்றேன். படிவத்தில் கேட்கப்பட்டிருந்தால் கைது, வழக்கு, விடுதலை எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்காக இருந்தால் அதன் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. மறைத்தது தெரியவந்தால், மறைத்ததே வேலையைப் பறிக்கும் காரணமாகிவிடலாம். தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கைவிட, அதைச் சொல்லலாமா என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் அந்தப் பயத்தை வளர்க்காமல் இருக்க வேண்டும்.

வேறு நாட்டுக் குடியுரிமைக்கு மாறி, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட் சேவா கேந்திராவின் பி.சி.சி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முன்பு இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் வெளிநாட்டவர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். சேவா கேந்திராவில் வாங்கிவிடலாம் என்று நம்பி ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம்.

கடைசியாகத் தேதி. கனடா விதிப்படி, 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் சான்றிதழ் வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த நாட்டுக்கு, அங்கே கடைசியாக அப்படித் தங்கி முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். அதனால்தான் இந்தியச் சான்றிதழை இந்தப் பயணத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டேன், மறுபடி ஊரில் அரை வருடம் தங்காதவரை அது செல்லும். சிங்கப்பூர் போலீஸ் தரும் கிளியரன்ஸை விண்ணப்பத் தேதி நெருங்கும்போது வாங்கலாம் என்று விட்டிருக்கிறேன். அங்கே குடிமகன் அல்லாதவர்கள், சான்றிதழ் கேட்கும் நாட்டின் கடிதத்தையும் காட்ட வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு 6 மாதம் இல்லை, கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் என்று வரும்.