பணம் யார் கையில் தங்குகிறது? கட்டற்ற மென்பொருளுக்கான திரள்நிதித் தளங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு மக்களிடம் நிதி திரட்ட ஒரு தளம் தொடங்கலாம் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தபோது, எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கிக்ஸ்டார்ட்டர் போல ஒரு இலக்கு வைத்து ஒரே மூச்சில் திரட்டுவது. பவுண்டிசோர்ஸ் போல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பரிசுத்தொகை அறிவிப்பது. ஓபன் கலெக்டிவ் போல ஓர் அமைப்பு நிதியை வாங்கி வைத்துக் கணக்குக் காட்டுவது. லிபராபே போலச் சிறுசிறு தொகையைத் தொடர்ந்து நேரடியாகக் கொடுக்கச் செய்வது. நாங்கள் நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். மற்ற மூன்றும் எங்கே உயர்ந்தவை என்பதையும் மறைக்கப்போவதில்லை.

இப்படியொரு தளம் எதற்கு என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு (நிரல் பிழை) வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துநின்ற ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது உலகுக்குத் தெரிந்தது. அந்த ஒரு தகவல் போதும்.

கிக்ஸ்டார்ட்டர் வகையை முதலில் பார்ப்போம். இலக்கை எட்டினால் முழுத் தொகை, எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு காசு எடுப்பதில்லை என்பது அதன் விதி. கொடுப்பவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. வேலைக்கு ஒரு தெளிவான முடிவு இருந்தால் இந்த வழி அற்புதமாகப் பலிக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் இதற்குச் சிறந்த சான்று. அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்ட பின், மூலநிரலை விடுவிக்க 1,00,000 யூரோ வேண்டும் என்று 2002 ஜூலையில் வேண்டுகோள் விடுத்தார்கள். கிக்ஸ்டார்ட்டர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு அது. ஏழு வாரங்களில் பணம் சேர்ந்தது. அக்டோபரில் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் நிரல் வெளியானது. ஒரு பொருள், ஒரு விலை, ஒரு நாள்.

எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒரு முடிவு நாள் இருப்பதில்லை. 2010-இல் நியூயார்க் மாணவர்கள் நால்வர் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளத்துக்கு 10,000 டாலர் கேட்டார்கள்; சுமார் 2,00,000 டாலர் குவிந்தது. கேட்டதைப் போல இருபது மடங்கு கிடைத்தும், இரண்டே ஆண்டுகளில் திட்டத்தைச் சமூகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறை சொல்லவில்லை. மென்பொருளில் முதல் பதிப்பை எழுதுவது சிறு பகுதி. அதன்பின் ஆண்டுக்கணக்கில் வழு திருத்துவதும் பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பதும்தான் பெரும் பகுதி. அந்தப் பகுதிக்கு இலக்குத் தொகை வைக்க இடமே இல்லை.

பரிசுத்தொகை வழி மேலோட்டமாகப் பார்த்தால் கவர்ச்சியானது. இந்த வழுவைத் திருத்தினால் 200 டாலர் என்று அறிவிக்கலாம். விரும்புகிற பலரும் சேர்ந்து தொகையை ஏற்றலாம். ஆனால் வேலை நடக்கும் விதத்தோடு இது ஒத்துப்போவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து அவசரமாக ஒரு திருத்தம் எழுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். அதை வரிவரியாகப் படித்து, பிழை சுட்டி, மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் இணைத்து, அதன்பின் காலமெல்லாம் சுமக்கும் பராமரிப்பாளருக்கு எதுவும் கிடைக்காது. யாருக்கு முதலில் பணம் போய்ச்சேர வேண்டுமோ அவருக்கு வேலையை மட்டும் கூட்டும் ஏற்பாடு இது. தனியே எல்லை வகுக்கக்கூடிய ஒரு வசதி வேண்டுமென்றால், பராமரிப்பாளரே அந்த வேலையை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தால், இந்த வழி சரிப்படும்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். கட்டண விகிதம், பக்க வடிவமைப்பு, எந்த நாட்டு நாணயம் என்று ஒப்பிட ஆயிரம் உண்டு. தளம் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுப்பவர் கையை விட்டுப் புறப்பட்ட பணம், பெறுபவர் கைக்குப் போய்ச்சேரும்வரை யாரிடம் இருக்கிறது?

பவுண்டிசோர்ஸ் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. அது நல்ல எண்ணத்தோடு நடந்த தளம். 2014-இல் நியோவிம் என்ற உரைத்தொகுப்பித் திட்டம் 10,000 டாலர் கேட்டு அதன் வழியாக 30,000-க்கும் மேல் திரட்டியது. பரிசுத்தொகை முறையில் ஒரு வழு திருத்தப்படும்வரை தொகை தளத்திடமே இருக்கும். சில வழுக்கள் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடக்கும் என்பதால் தொகையும் அப்படியே கிடக்கும். 2020-இல், இரண்டு ஆண்டுகள் தீர்வு காணாத பரிசுத்தொகையைத் தளமே எடுத்துக்கொள்ளும் என்று புதிய விதிமுறை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். 2023-இல், உழைத்துச் சம்பாதித்த தொகையை எடுக்க முயன்றவர்களுக்குப் பட்டுவாடாவே நின்றுபோனது. சீட்டுப் பிடிப்பவர் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதில் தனிமனித நேர்மையைவிட அமைப்பின் பங்கு பெரிது. அடுத்தவர் பணத்தைத் தேக்கி வைக்கிற எந்தத் தளமும், அது கைமாறினாலும் நொடித்தாலும், தன்னோடு அந்தப் பணத்தையும் ஆபத்துக்குள் இழுத்துச் செல்கிறது. நல்லவர்கள் நடத்தினால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

இந்தியாவில் தொடங்குபவருக்குச் சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. பிறருக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்கி, வைத்திருந்து, பிரித்துக் கொடுக்கும் தொழிலுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதிகள் வகுத்தது. வங்கியல்லாத நிறுவனம் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளில் அது 25 கோடியாக வேண்டும். பணம், நிறுவனம் தன் செலவுக்குத் தொட முடியாத தனி எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். மாலை நேரத்தில் நிரல் எழுதும் நண்பர்கள் கூட்டத்துக்கு இது எட்டாத உயரம். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பிரித்தளிக்கும் சேவையைப் பயன்படுத்தலாம், அது முறையான வழிதான். அதற்கு ஒவ்வொரு நிரலரும் அந்த நிறுவனத்தில் கே.ஒய்.சி. முடித்துக் கணக்குத் திறக்க வேண்டும். மாதம் 500 ரூபாய் வருமா என்று தெரியாத ஒருவரிடம் முதல் நாளே அதைக் கேட்பது சரியாக எங்களுக்குப் படவில்லை.

எங்களை லிபராபே பக்கம் தள்ளியது அதன் வரலாறு. பிரான்ஸைச் சேர்ந்த இந்த இலாப நோக்கற்ற அமைப்பு, 2015-இல் கிராட்டிபே என்ற அமெரிக்கத் தளத்தின் நிரலிலிருந்து கிளைத்தது. தொடக்கத்தில் இதுவும் பணத்தைத் தேக்கி வைக்கும் முறைதான்: கொடுப்பவர் மேங்கோபே என்ற கட்டண நிறுவனத்தில் உள்ள ஒரு பணப்பையை நிரப்புவார், அதிலிருந்து வாரம் ஒருமுறை பெறுபவருக்குப் போகும். 2018-இல் மேங்கோபேயுடனான உறவு முறிந்தது. அதன்பின் பணப்பையையே கைவிட்டார்கள். இன்று பணம் கொடுப்பவரிடமிருந்து ஸ்ட்ரைப் அல்லது பேபால் என்ற இணையவழிக் கட்டண நிறுவனத்தில் பெறுபவருக்கு உள்ள கணக்குக்கு நேராகப் போகிறது. தளத்தின் கையில் கணக்கேடு மட்டும். நன்கொடையிலிருந்து ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளாமல், தங்களுக்கென்று தனியே வரும் நன்கொடையில்தான் தளத்தை நடத்துகிறார்கள். இரண்டு முறையையும் நடத்திப் பார்த்தவர்களின் முடிவு என்பதால் அதற்கு நாங்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தோம்.

அவர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், பல மாதத் தொகையை ஒரே தவணையில் முன்கூட்டியே கொடுக்கச் செய்தது. ஏன் என்பதற்குக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அட்டைப் பரிவர்த்தனைக்கு ஸ்ட்ரைப்பின் வழக்கமான கட்டணம் 2.9 விழுக்காடும் 30 சென்ட்டும். மாதம் ஒரு டாலர் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 33 சென்ட் கட்டணத்துக்கே போகும். ஆண்டு முழுவதும் கொடுத்த 12 டாலரில் ஏறத்தாழ 4 டாலர் நிரலருக்குப் போய்ச்சேராது. அதே 12 டாலரை ஒரே தடவையில் கொடுத்தால் இழப்பு 65 சென்ட். சிறு நன்கொடையை நம்பித் தளம் நடத்துபவர் வேறு எந்தக் கணக்கை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

நமக்கு யு.பி.ஐ. இருப்பது பெரிய வரம். 2020 ஜனவரி முதல் அதில் வணிகரிடம் கட்டணம் பிடிக்கும் வழக்கம் இல்லை, நிரலரின் யு.பி.ஐ. முகவரிக்கு நேராக அனுப்பினால் 100 ரூபாயும் 100 ரூபாயாகவே சேரும். எங்கள் தளத்தில் திட்டத்தின் பக்கத்தில் அந்த முகவரியும் கியூஆர் குறியீடும் இருக்கும். பணம் அனுப்பியவர் விரும்பினால் தன் செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைப் பதிவுசெய்வார். நிரலர் தன் வங்கிக் கணக்கைப் பார்த்து ஒரு சொடுக்கில் உறுதிசெய்தால், தொகை பொதுக் கணக்கில் ஏறும். பணம் எங்களைத் தொடுவதே இல்லை. இதன் பலவீனம் வெளிப்படையானது: உறுதிசெய்ய நிரலர் சோம்பினால் பக்கத்தில் தெரியும் தொகை உண்மையைவிடக் குறைவாக இருக்கும். பணம் தொலைவதைவிட எண் பிந்துவது பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டோம்.

மாதந்தோறும் தானாகப் பிடிக்கும் யு.பி.ஐ. ஆட்டோபே வசதியை நாங்கள் வைக்கவில்லை. அதற்கு இடையில் ஒரு கட்டண நிறுவனம் வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டி மொத்தமாகக் கேட்பதே கொடுப்பவருக்கு மரியாதையானது என்று நினைக்கிறேன். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு. தானாகப் போகும் பணம் தொடர்ந்து வரும், கேட்டு வாங்கும் பணத்தில் ஆள் குறையும் என்பார்கள். எங்கள் தளம் அதை மறுக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

ஓபன் கலெக்டிவுக்கு நியாயம் செய்ய வேண்டும். அதன் பொதுக் கணக்கேடு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது; யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தச் செலவுக்கு எவ்வளவு போனது என்பது யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கும். நிறுவனங்கள் விலைப்பட்டியல் கேட்கும், ஒப்பந்தம் கேட்கும், பதிவு பெற்ற அமைப்பின் பெயர் கேட்கும். மென்பொருள் திட்டங்களுக்காக அங்கே இயங்கும் ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் 10 விழுக்காடு எடுத்துக்கொண்டு அத்தனையையும் செய்து தருகிறது. பல நாடுகளில் பரவிய ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும், தனக்கென்று வங்கிக் கணக்கு இல்லாத திட்டத்துக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் முதல் கேள்வி அங்கும் விடுவதில்லை. அதே தளத்தில் அறப்பணிக் குழுக்களின் நிதியைத் தாங்கிய ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற வேறொரு அமைப்பு, 2024 தொடக்கத்தில் தன்னைக் கலைக்கப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதன்கீழ் இருந்த குழுக்கள் எல்லாம் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஒழுங்காக, முன்னறிவிப்போடு நடந்ததுதான். அப்படியும் அலைச்சல் குழுக்களுக்குத்தான்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் நன்கொடை வசதியான கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019-இல் வந்தது. தனிநபர் கொடுக்கும் தொகையில் அது கட்டணம் பிடிப்பதில்லை, பெரும்பாலோரின் நிரலும் அங்கேதான் இருக்கிறது. வசதியில் அதோடு யாரும் போட்டிபோட முடியாது. கோட்பெர்க் என்ற மாற்றுத் தளத்தில் நிரல் வைத்திருப்பவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்பதே எங்கள் தளத்துக்கு ஒரு காரணம்.

தளத்தைவிட்டு வெளியேறும் வழியும் இதே கேள்வியின் மறுபக்கம். பெங்களூரு ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கி, ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைக் கட்டற்ற மென்பொருளுக்கு ஒதுக்கியது. அதோடு ஃபண்டிங் ஜேசன் என்ற கோப்பு வடிவத்தையும் முன்வைத்தது. யார் நாங்கள், எவ்வளவு தேவை, எந்த வழியில் அனுப்பலாம் என்பதை நிரலர் தன் சொந்தத் தளத்திலோ நிரல் களஞ்சியத்திலோ அந்தக் கோப்பாக வைத்துக்கொள்வார். நாங்கள் விவரங்களை அதிலிருந்துதான் எடுக்கிறோம். அந்தக் கோப்பைத் திட்டத்தின் இடத்தில் வைக்கக் கூடியவர் திட்டத்துக்கு உரியவர்தான் என்பதால், ஆள்மாறாட்டத்தையும் இது பெருமளவு தடுக்கிறது. நாளை எங்கள் தளம் மூடினாலும் நிரலர் இழப்பது ஒரு பக்கத்தை மட்டுமே.

இரண்டு இடங்களில் என் பேச்சைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களின் நன்கொடையை நாங்கள் கையாண்டதில்லை. எங்களுக்கு வருபவர்கள் நூறும் ஐந்நூறும் கொடுக்கும் தனிநபர்கள். வெளிநாட்டுப் பணமும் அப்படியே. இங்குள்ள அறக்கட்டளையோ சங்கமோ வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்கீழ் பதிவும், புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கும் வேண்டும். அதனால் உள்நாட்டு நன்கொடையோடு நிறுத்திக்கொண்டோம். வெளிநாட்டு ஆதரவாளர்களே அதிகம் உள்ள திட்டமென்றால் எங்கள் முறை உங்களுக்குப் பயன்படாது. ஒரு பட்டயக் கணக்காளரிடம் பேசிவிட்டு லிபராபேயிலோ ஓபன் சோர்ஸ் கலெக்டிவிலோ நேராகச் சேர்ந்துவிடுங்கள்.