டெப்கான்ஃப் ப்ரீசீட்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

புது சர்வர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்திருக்கும் நண்பர் ஒருவர், "டெப்கான்ஃப் ப்ரீசீடை நம்பி இறங்கலாமா?" என்று கேட்டிருந்தார். டெபியன், உபுண்டு லினக்ஸில் பேக்கேஜை நிறுவும்போது கேள்வி கேட்பது டெப்கான்ஃப்; அதற்கான பதில்களை முன்கூட்டியே ஊட்டி வைப்பது ப்ரீசீட். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெஷினில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரைக் கையால் நிறுவி, திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்துவிட்டு டெப்கான்ஃப்-கெட்-செலக்‌ஷன்ஸ் கட்டளையை ஓட்டினால், அத்தனை பதில்களும் வரிவரியாக வந்து விழும். அதில் வேண்டிய வரிகளை எடுத்து அடுத்த மெஷினில் டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸுக்குக் கொடுத்தால், அங்கே அந்தக் கேள்விகளே வராது. மொத்தத்தையும் அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மெஷினைத் தொடங்கிவைக்கும் க்ரப் எந்த டிஸ்க்கில் உட்கார வேண்டும் என்ற பதிலும் கூடவே போகும். அது பழைய மெஷினின் டிஸ்க். மற்றபடி எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் என்பதால் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டு வைக்கலாம், யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். பழைய ஃபைல்கள் இன்றும் அப்படியே ஓடுகின்றன. இந்த அளவு உழைக்கும் கருவிகள் குறைவு.

எரிச்சல் என்னவென்றால், டெப்கான்ஃப் வாயை மூடினாலும் பக்கத்தில் இருப்பவர்கள் மூடுவதில்லை.

டெபியன் ஃப்ரன்ட்எண்ட் என்ற சூழல் மாறியை நான்இன்டராக்டிவ் (கேள்வி வேண்டாம்) என்று வைத்தாயிற்று, இனி நிம்மதி என்று நினைப்போம். அமைப்பு ஃபைல்கள் இருக்கும் /ஈடிசி-யில் நாம் திருத்திய ஒரு கான்ஃபிக் ஃபைலின் புதுப் பதிப்பு அடுத்த அப்கிரேடில் வரும். உடனே, பேக்கேஜை உண்மையில் நிறுவும் டிபிகேஜி, "உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, என்னுடையதைப் போடவா?" என்று கேட்டு நிற்கும். இது டெப்கான்ஃப் கேள்வி இல்லை. அந்த மாறி இதைக் கட்டுப்படுத்தாது. ஸ்கிரிப்டில் பதில் சொல்ல ஆள் இல்லாததால், உள்ளீடு முடிந்துவிட்டது என்று பிழை காட்டி, பேக்கேஜைப் பாதியில் விட்டுவிடும். இதற்குத் தனியாக ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் (முன்னிருப்பை எடு, இல்லையென்றால் பழையதையே வை) இரண்டையும், டிபிகேஜியை அழைக்கும் ஏப்ட்டின் அமைப்பில் எழுதி வைக்க வேண்டும். வைத்தால் சத்தம் நிற்கும். ஆனால் புது ஃபைல் டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால் ஒட்டிக்கொண்டு ஓரமாகக் கிடக்கும், நாமாகத் தேடிப் பார்க்கும்வரை.

அப்புறம் நீட்ரீஸ்டார்ட், அப்கிரேடுக்குப் பின் பழைய லைப்ரரியோடு ஓடும் சேவைகளைக் கண்டுபிடிக்கும் கருவி. உபுண்டு 22.04 சர்வரில், எந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று கேட்டு இது ஒரு பெரிய பட்டியலைத் திரையில் விரிக்கும். கேட்காமல் தானாகவே தொடங்க வைக்க வேறொரு மாறி. இந்த மாறிகளை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு ஓட்ட சூடோ போட்டால், சூடோ தன் வழக்கப்படி சூழலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். ஆகவே மாறியை சூடோவுக்குப் பின்னால் எழுத வேண்டும். ஒரே ஒரு "கேள்வி கேட்காதே"வைச் சொல்ல எத்தனை வாசலில் போய் நிற்பது?

உச்சக்கட்டக் கடுப்பு, நேர மண்டலங்களுக்கான டிஇசட்-டேட்டா பேக்கேஜ். ஏற்கெனவே நிறுவியிருக்கும் மெஷினில் நேர மண்டலத்தை ப்ரீசீடில் மாற்றி, கேள்விகளை மறுபடி ஓட்டும் டிபிகேஜி-ரீகான்ஃபிகரை ஓட்டிப் பாருங்கள். அது /ஈடிசி-யில் இருப்பதைப் படித்து, நாம் கொடுத்த பதிலைப் பழையதாலேயே மூடிவிடும். டெப்கான்ஃப் பக்கம் நியாயம் இருக்கிறது: அது கேள்வி பதிலைச் சுமந்து செல்லும் வழிதானே தவிர, அமைப்பின் உண்மைப் பதிவேடு அல்ல, அட்மின் கையால் செய்த மாற்றத்தை மதிக்க வேண்டும் என்பது டெபியனின் கொள்கை. சரி, நல்ல கொள்கைதான். இரவில் ஸ்கிரிப்ட் சிவப்புக் காட்டும்போது அந்த நியாயம் எனக்கு உறைப்பதில்லை.

நண்பருக்குக் கடைசியில் எழுதிய பதில் இது: இறங்காதீர்கள். எல்லா பேக்கேஜையும் முன்னிருப்பு பதில்களோடு நிறுவவிட்டு, நீங்கள் விரும்பும் கான்ஃபிக் ஃபைலை சர்வர்களை ஸ்கிரிப்டால் அமைக்கும் அன்சிபிளின் டெம்ப்ளேட்டாகப் பின்னால் வையுங்கள். அதன் ஏப்ட் மாட்யூல் அந்த இரண்டு ஃபோர்ஸ் விருப்பங்களையும் தானாகவே போட்டுக்கொள்கிறது. முதல் நிறுவலிலேயே பதில் தேவைப்படும் ஒன்றிரண்டுக்கு மட்டும் ப்ரீசீட் போதும்.

என் சர்வர்களில் ப்ரீசீட் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. எடுக்கப்போவதில்லை.