இறக்குமுன்பே அடுத்த ஹயர்: கொழும்பு வீதிக்கு எந்த வழி பொருந்தும்?

கொட்டாஞ்சேனையில் ஏற்றிய ஒருவரை வெள்ளவத்தையில் இறக்க ஒரு ஓட்டோ போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் நாலு நிமிட ஓட்டம். அந்த நேரம் பார்த்து ஹம்டன் லேனிலிருந்து ஒருவர் வாகனம் கேட்கிறார். தெஹிவளையில் வேறொரு ஓட்டோ சும்மா நிற்கிறது, ஆனால் அது வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். யாரை அனுப்புவது?

பயணிக்கு அருகிலுள்ள வாகனங்களைத் தேடித்தந்து, பயணத்தை வாகனத்தோடு சேர்த்து வரைபடத்தில் காட்ட உதவும் கூகுளின் ஃப்ளீட் என்ஜின் ஏபிஐயை (நம் நிரல் அதோடு பேசும் இடைமுகம்) வைத்து ஒரு சிறிய வாகன சேவைக்கு நிரல் எழுதியபோது, எங்களை அதிகம் அலைக்கழித்த கேள்வி இதுதான். மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்தோம், நாலாவதைப் பாதியில் விட்டோம்.

முதல் வழி, காத்திருப்பது. ஓடிக்கொண்டிருக்கும் பயணம் முடிந்தது என்று பதிவான பிறகுதான் அந்த வாகனம் அடுத்த தேடலில் வரும். எதையும் மாற்றாமல் விட்டால் ஃப்ளீட் என்ஜினும் இப்படித்தான் நடக்கும்: ஹயரில், அதாவது வாடகை ஓட்டத்தில், இருக்கும் வாகனத்தைத் தேடலில் சேர்க்காது. குழப்பம் கிடையாது. இரவு பதினொரு மணிக்கு போன் அடித்து யாரும் உங்களை எழுப்பப் போவதில்லை. ஆனால் நட்டம் சாரதிக்கு. இறக்கிய இடத்தில் நின்றபடி போனைப் பார்க்கிறார், பிறகு எங்கோ தூரத்துக்கு வெறுமனே ஓடுகிறார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அந்த மாதங்களில் ஓடியவர்களிடம் வெறும் ஓட்டத்தின் விலையை விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்த வழியை நான் ஏற்கவில்லை.

இரண்டாவது, முதல் பயணம் முடியுமுன்பே அடுத்ததைக் கோத்துவிடுவது. ஏபிஐயில் இதற்குப் பெயர் ‘பேக் டூ பேக்’. வாகனத்தின் பதிவில் அதற்கான அனுமதியைத் திறக்க வேண்டும், தேடும்போதும் அப்படிப்பட்ட வாகனங்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒன்றை மறந்தாலும் பட்டியலில் சும்மா நிற்பவை மட்டுமே வரும்; நாங்கள் ஒரு முழு நாளை இதில் தொலைத்தோம். தேடும் வட்டத்தை 400 மீற்றருக்கும் 10,000 மீற்றருக்கும் இடையில் வைக்கலாம். வரும் ஒவ்வொரு வாகனமும் சும்மா நிற்கிறதா, ஹயரில் இருந்துகொண்டே அடுத்ததற்குத் தகுதியானதா என்ற குறிப்பும் கூடவே வரும்.

வரிசைப்படுத்தும்போது நேர்கோட்டுத் தூரத்தை நம்பவே வேண்டாம். காலி வீதியும் டூப்ளிகேஷன் வீதியும் பாதித் தூரம் ஒருவழி. வரைபடத்தில் ஐம்பது மீற்றரில் தெரியும் ஆள், வாகனத்துக்கு ஒரு பெரிய சுற்று. ஏற்றுமிடத்துக்கு வந்துசேரும் நேரத்தைக் கொண்டே வரிசைப்படுத்துங்கள். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் அந்த நேரக் கணக்கையும் கண்ணை மூடி நம்ப முடியாது.

இந்த வழி எங்களைக் கைவிட்டது ஒரு மாலையில். முதல் பயணி செட்டியார் தெருவில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார், திருத்தக் கொடுத்த சங்கிலியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லி இறங்கினார். இருபத்தைந்து நிமிடம். அதே வாகனத்தில் கோத்திருந்த அடுத்த ஹயர், கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்கா போகவேண்டிய ஒரு வயதான அம்மா. வாசற்படியில் இரண்டு பெட்டிகளோடு நிற்கிறார். இரண்டு தெரு தள்ளி எங்களுடைய வேறொரு வாகனம் சும்மா நிற்கிறது. கோத்ததைக் கழற்றி மற்ற வாகனத்துக்குக் கொடு என்று நிரலில் நாங்கள் எழுதவேயில்லை. அவர் விமானத்தைப் பிடித்துவிட்டார், ஆனால் அந்த அரைமணி நேரத் தவிப்புக்கு நாங்கள்தான் பொறுப்பு.

இன்னொன்று: தேடல் வாகனத்தைப் பிடித்துவைக்காது. ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால் இருவருக்கும் அதே வாகனம் முதலாவதாக வரக்கூடும். ஒருவருக்குக் கொடுத்த வாகனம் மற்றவருக்கும் போகாமல் பூட்டுப் போடும் வேலை உங்கள் சேர்வருடையது.

மூன்றாவது வழி, வரிசையை நம் கையிலேயே வைத்திருப்பது. ஹயர்கள் நம் தரவுத்தளத்தில் நிற்கும். என்ஜினுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்போம். யாரை எப்போது மாற்றுவது, எதை முன்னே இழுப்பது எல்லாம் நம் முடிவு. குறை என்னவென்றால், என்ஜினில் வாகனத்தோடு சேராத பயணத்துக்கு வரைபடத்தில் வாகனமும் தெரியாது, வந்துசேரும் நேரமும் தெரியாது. பயணி வெறும் ‘காத்திருக்கவும்’ என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொழும்பில் அப்படி மூன்று நிமிடம் இருந்தால் ஆள் அடுத்த செயலியைத் திறந்துவிடும். பிக்மீயும் ஊபரும் அதே போனில்தான் இருக்கின்றன.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு சாரதி அண்ணையின் பேச்சு. அப்போது திரையில் மூன்று ஹயர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். “தம்பி, ஒண்டை இறக்க முந்தி மூண்டைக் காட்டாதேங்கோ. தலை சுத்துது. அடுத்தது எங்க எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்” என்றார்.

அதன்படியே இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தோம். வரிசை எங்களிடம். இறக்குவதற்கு ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்ட வாகனத்துக்கு மட்டும் ஒரேயொரு அடுத்த ஹயர் கோக்கப்படும். கோத்த பிறகும் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் தேடுவோம். வேறு வாகனம் ஐந்து நிமிடமாவது முந்தி வருமென்றால் பயணத்தை அதற்கு மாற்றிவிடுவோம். அடிக்கடி மாற்றினால் பயணிக்கு எரிச்சல், அதனால் ஒரு பயணத்துக்கு ஒரு மாற்றம்தான். காலை பள்ளிக்கூட நேரத்தில் அந்த ஆறை மூன்றாகக் குறைத்திருக்கிறோம்.

நாலாவது, கூட்டுப் பயண வகையாகப் பதிந்து ஏற்றும் இறக்கும் புள்ளிகளின் ஒழுங்கை நாமே கொடுப்பது. கந்தோர் ஆட்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு இது சரியான கருவி. தனித்தனி ஹயர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட இது தேவையற்ற பாரம்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாகனத்தின் மீதிப் புள்ளிகள் முழுவதையும் சரியான ஒழுங்கில் நாமே அனுப்ப வேண்டும்.

முதல்நாளே பதிவாகும் விமான நிலைய ஹயர்கள் வேறு கணக்கு. அவற்றுக்கு நேர வரம்போடு முழுநாள் அட்டவணை போடும் கருவிகள் உண்டு; திறந்த மூலத்தில் வ்ரூம், ஓஆர்-டூல்ஸ் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. உடனடி ஹயரோடு இதைக் கலக்காதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விடயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் பயணி இறங்கும் இடம் இரண்டாவது பயணியின் திரையில் தெரியக்கூடாது. அது ஒருவருடைய வீட்டு வாசல். ‘சாரதி அருகில் ஒருவரை இறக்கிவிட்டு வருகிறார்’ என்ற வரி போதும். மற்றது, அடுத்த ஹயரை வேண்டாமென்று சொல்லச் சாரதிக்கு ஒரு பொத்தான், அதை அழுத்தினால் எந்தத் தண்டனையும் இல்லாமல். மதியம் இரண்டு மணிக்கு அதை அழுத்துகிறவர் பெரும்பாலும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.